மூன்று ஏடுகள்

நெல்லைச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்து, பிறகு செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று கிழக்கே தள்ளப்பட்ட குடும்பங்களைச் சென்ற இதழில் பார்த்தோம். அவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். இந்த மக்களின் சமய வாழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு ஆராதனையையும் கிறிஸ்துமஸ் பவனியையும் அசனத்தையும் எழுதுகிறார்கள். நான் எடுத்துக்கொள்வது, பிள்ளைக்கு ஞானஸ்நானம், வளர்ந்தவர்களுக்குத் திடப்படுத்தல், கலியாணம், கடைசியில் அடக்கம் என்று ஒரு வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் சபை நடத்தும் ஆராதனைகளை. இவற்றை வெறும் சடங்குகளாகப் பார்த்தால் பாதி வரலாறு கை நழுவிப்போகும். ஆராதனை முடிந்ததும் ஐயரோ பங்குச் சாமியாரோ ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து சில வரிகள் எழுதுகிறார். சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்திடுகிறார்கள், எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கிறார்கள். நிலமும் பட்டமும் இல்லாத தமிழர்களிடையே கிறிஸ்தவம் உண்டாக்கிய ஆழமான மாற்றங்களுள் ஒன்று அந்தப் புத்தகத்தில்தான் நடந்தது என்பது என் வாதம். ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, அடக்க ஏடு என்ற மூன்றும் சேர்ந்து, அதுவரை யாரும் எழுதிவைக்காத மக்களுக்கு எழுதப்பட்ட ஒரு வாழ்க்கையைக் கொடுத்தன.

இந்த ஏடுகள் நம் மக்களுக்காக உண்டாக்கப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். கத்தோலிக்க உலகில் திரிதெந்தின் சங்கம் 1563இல் இதைச் சட்டமாக்கியது. ரகசியத் திருமணங்களைத் தடுப்பது அதன் முதல் நோக்கம்: பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாமல் திருமணம் செல்லாது, மணமக்கள் பெயரும் சாட்சிகள் பெயரும் நாளும் இடமும் புத்தகத்தில் ஏற வேண்டும். 1614இல் வெளிவந்த ரோமைச் சடங்கு நூல் இறந்தோர் பதிவையும் இந்த வரிசையில் சேர்த்தது. இங்கிலாந்தில் 1812ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று நிகழ்வுகளுக்கும் மூன்று தனிப் புத்தகங்களையும் அச்சிட்ட கட்டங்களையும் கட்டாயமாக்கியது. ஆங்கிலிக்கன் மிஷனரிகள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வழக்கம் இதுவே. ஆக, தொடக்கத்தில் இது அதிகாரத்தின் கருவி. யார் எந்தச் சபை, யார் யாரை மணக்கலாம், யாரை எங்கே புதைக்கலாம் என்று தீர்மானிப்பதற்கான கருவி. ஆனால் ஒரு கருவி யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் வரலாறும் மாறும்.

தமிழ் மண்ணில் அது யாரைத் தொட்டது என்று பாருங்கள். மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. அவர்கள் கொடுத்த முதல் ஞானஸ்நானம் 1707 மே 12 அன்று. பெற்றவர்கள் ஐந்து பேர்; ஐவருமே டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள். இதை வெறும் தொடக்கத் தகவலாகக் கடந்துபோவது வழக்கம். நான் இங்கே நிற்க விரும்புகிறேன். தமிழ்நாட்டில் அடிமைகளின் பெயர் அதற்கு முன் எழுதப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விற்கப்பட்ட ஆட்களின் பெயர்கள் உண்டு. நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகளில் ஆள் விற்பனை ஆவணங்கள் உண்டு. ஆனால் அந்தப் பெயர்கள் எழுதப்பட்டது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே தகராறு வராமலிருக்க. விற்கப்பட்டவர் அந்த ஆவணத்தில் பொருள்; கையெழுத்து அவருடையதல்ல. ஞானஸ்நானப் பதிவில் முதல் தடவையாக அவர் எழுவாய் ஆகிறார். இன்ன நாளில் இன்னார் இன்ன பெயரைப் பெற்றார் என்று எழுதப்படுகிறது. எஜமான் மாறினாலும் அந்த வரி மாறாது. ஞானஸ்நானம் அவரை அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கவில்லை என்பது உண்மை. டேனிஷ் குடியேற்றமும் அப்படி எண்ணவில்லை. ஆனாலும் ஒரு மனிதரை உடைமையாக எழுதுவதற்கும் ஆளாக எழுதுவதற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

பழைய ஞானஸ்நான ஏட்டின் ஒரு பக்கத்தை மனத்தில் விரித்துப் பார்ப்போம். இடமிருந்து வலமாகக் கட்டங்கள்: வரிசை எண், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தகப்பன் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர். கத்தோலிக்க ஏட்டில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரும் வரும். பனையேறியும் கூலியாளும் தோட்டியும் தாசில்தாரும் அதே அகலக் கட்டத்தில்தான் எழுதப்படுகிறார்கள். தாய்க்கு ஒரு தனிக் கட்டம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வரிக் கணக்கிலும் பட்டாவிலும் பெண் வருவது அரிது. வந்தால் யாருடைய மனைவி என்றே வருவாள். இந்த ஏட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் பெயர் எழுதப்பட வேண்டும். ஐந்து பிள்ளை பெற்ற ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயர் ஐந்து தடவை எழுதப்பட்டிருக்கும்.

எல்லோரும் ஒரே வரிசையில் எழுதப்படுவதற்குப் பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பட்டியல் நல்ல எடுத்துக்காட்டு. நாற்பது பெயர் கொண்ட அந்தப் பட்டியல்தான் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க ஆவணம். அதில் குளோரிந்தா இருக்கிறார்: தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு திருமணமின்றி வாழ்ந்த காலத்தில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல் கொடுத்தார். மராட்டி பேசிய ஒரு பெண் தமிழ்ச் சபைக்கு அடித்தளமிட்டார் என்பதை மராட்டிய மண்ணில் வாழும் நம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவரோடு அதே பட்டியலில் பல சாதியினரும் இருக்கிறார்கள். இருபது சொச்சம் ஆண்டுகளில், உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூரை நிறுவிய காலத்துக்குப் பிறகு, 1802–1803இல் ஆயிரக்கணக்கானோர் ஒரே வீச்சில் ஞானஸ்நானம் பெற்றார்கள். நாற்பது பேர் பட்டியலாக இருந்தது ஊர் ஊராக ஏடுகளாகப் பெருகியது.

இங்கே ஆராதனையின் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு சொல். எழுதப்பட்டது எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நடத்தப்பட்டது அப்படி அல்ல. மதுரை மிஷன் சேசு சபையினர் உள்ளூர் வழக்கங்களுக்கு இடம் கொடுத்ததை எதிர்த்து வந்த புகார்களை விசாரித்த திருத்தந்தையின் தூதர் துர்நோன், 1704 ஜூன் 23 அன்று புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் ரோமை வழக்கத்தை இங்கே மிஷனரிகள் விட்டுவிட்டிருந்தார்கள், தமிழருக்கு எச்சில் தீட்டு என்பதால். அதை மறுபடி சேர்க்கச் சொன்னது ஆணை. பிள்ளையார் உருவம் கொண்ட தாலியும் நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறும் கூடாது. சிலுவையோ மாதாவோ பொறித்த தாலி கட்டலாம். கலியாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பெரியவளானதைக் கொண்டாடக் கூடாது. நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பிறகு 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இந்த ஆணையை உறுதிசெய்தார். மிஷனரிகள் இதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்யும் வழக்கம் 1940 வரை நீடித்தது. விளைவு என்ன? தாலி இருக்கிறது, சிலுவையோடோ புறாவோடோ. மஞ்சள் கயிறும் பல வீடுகளில் இருக்கிறது. பெண்ணுக்குச் சடங்கு சுற்றுவது இன்றும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் நடக்கிறது. ஐயர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போகிறார். ஆனால் அதற்கு ஏடு இல்லை. வாழ்வின் திருப்பங்களில் சபை எழுதாமல் விட்டது அது ஒன்றைத்தான். அது பெண்ணின் உடலைப் பற்றியது என்பதால், எழுதாமல் விட்டதே நல்லதென்று நினைக்கிறேன்.

ஏட்டின் வலிமை சட்டத்தோடு சேரும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இந்தியக் கிறிஸ்தவ மணமகனுக்கு 16 வயதும் மணமகளுக்கு 13 வயதும் கடந்திருக்க வேண்டும் என்றது. இன்று அந்த வயதுகள் நமக்கு அதிர்ச்சி தருகின்றன. 1978இல்தான் அவை 21, 18 ஆயின. ஆனால் காலத்தை வைத்து அளக்க வேண்டும். நாடு முழுவதற்குமான சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்று நிர்ணயித்தது 1929இல். அதற்கு ஐம்பத்தேழு ஆண்டு முன்பே ஒரு சிறிய சமூகத்தில் திருமண வயது சட்டமாக இருந்தது. அதைவிட முக்கியமான கேள்வி: பதிமூன்று கடந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? பிறப்புப் பதிவு பரவாத கிராமத்தில் வயது என்பது பெரியவர்கள் சொல்வது. ‘பஞ்சத்துக்கு முந்தின வருஷம் பிறந்தவள்’ என்றால் அது ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாகவே இருக்கும். ஞானஸ்நான ஏட்டில் பிறந்த நாள் இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. ஒரு சட்டம் செயல்பட வேண்டுமானால் அதற்கு ஒரு சான்று வேண்டும்; அந்தச் சான்றை அரசுக்கு முன்பே சபை வைத்திருந்தது. அதே சட்டம், திருமணம் நடத்த உரிமம் பெற்றவர் இந்தியக் கிறிஸ்தவர்களின் திருமணப் பதிவேட்டை ஆங்கிலத்திலோ அந்த மாவட்டத்தின் மொழியிலோ வைத்திருக்கலாம் என்றும் இடம் கொடுத்தது. பதிவேட்டின் சான்றிட்ட நகலை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்கும் என்றது. பாமரத் தமிழில் எழுதப்பட்ட ஒரு வரி நீதிமன்றம் ஏறும் தகுதியைப் பெற்றது.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1753இன் திருமணச் சட்டம் மணமக்கள் ஏட்டில் கையெழுத்திட வேண்டும் என்றதால், அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் எத்தனை பேர் பெயர் எழுதினார்கள், எத்தனை பேர் கீறல் போட்டார்கள் என்று எண்ணி எழுத்தறிவின் வரலாற்றையே எழுதிவிட்டார்கள். நெல்லையிலும் தஞ்சையிலும் திருமண ஏடுகள் பல தலைமுறைகளாகக் கிடக்கின்றன. பாட்டி கைநாட்டு, மகள் தடுமாறும் எழுத்து, பேத்தி சரளமான கையெழுத்து என்று மூன்று தலைமுறைப் பெண்களின் கல்வியை ஒரே பங்கின் ஏடுகளில் தொடர முடியும். பெண்கல்விக்கு மிஷன்கள் செய்ததைப் பற்றிப் புகழ்ச்சியும் மறுப்புமாக நாம் நிறையப் பேசிவிட்டோம். ஏட்டை எடுத்து எண்ணியவர்கள் மிகச் சிலர்.

இனி மும்பைக்கு வருவோம். புலம்பெயர்ந்த குடும்பத்தின் வாழ்வு இரண்டு ஊரில் நடக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். பிள்ளை பிறப்பது நெல்லையில் அல்லது தூத்துக்குடியில். ஞானஸ்நானமும் பெரும்பாலும் அங்கேயே. பிள்ளை வளர்வது மான்குர்த்தில். திடப்படுத்தலோ புதுநன்மையோ மும்பைச் சபையில். கலியாணத்துக்குப் பெண் ஊரிலிருந்து வருகிறாள், அல்லது மாப்பிள்ளை ஊருக்குப் போகிறான். அப்போது இரண்டு பக்கமும் ஓலை வாசிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிறு, முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று சபை முன்னால் பெயர் சொல்லி, தடை இருந்தால் தெரிவிக்கும்படி கேட்கிறார்கள். நகரத்துக்குப் போன ஆண் அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்திருக்கிறானா என்று ஊரில் இருக்கும் பெண் வீட்டார் கண்டுபிடிப்பது எப்படி? மும்பையில் ஓலை வாசிக்கப்படுவதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. அது முழுமையான பாதுகாப்பு அல்ல. ஆனால் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு ஆணின் நடத்தையை விசாரிக்க ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வேறு அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

கத்தோலிக்கர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். 1907இல் ரோமாபுரி பிறப்பித்து அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆணை ஒன்று, திருமணம் எங்கே நடந்தாலும் அதை ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டிலும் குறிக்க வேண்டும் என்றது. இன்றைய திருச்சபைச் சட்டமும் அதையே சொல்கிறது. உறுதிபூசுதல், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு ஆகியவையும் அதே வரியின் ஓரத்தில் ஏற வேண்டும். இதனால்தான் கலியாணத்துக்குப் போகும்போது அண்மையில் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். பழைய சான்றிதழ் போதாது. ஏட்டின் ஓரத்தில் அதற்குப் பிறகு ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டும். கடற்கரை ஊர் ஒன்றின் பங்கு வீட்டில் இருக்கும் ஞானஸ்நான ஏட்டில், ஓரக் கட்டத்தில், மும்பையின் ஒரு கோயில் பெயரும் ஒரு தேதியும் மட்டும் எழுதியிருக்கும். அந்த ஒற்றை வரியில் ஒரு புலம்பெயர்வு முழுவதும் அடங்கியிருக்கிறது: எவர் போனார், எந்த ஆண்டுக்குள் போனார், யாரை மணந்தார். மும்பைத் தமிழர் வரலாற்றை மும்பையில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஊரில் இருக்கும் ஏட்டின் ஓரத்தில்தான் கிடைக்கும்.

அரசு கொடுத்த தாள்களோடு இதை ஒப்பிட வேண்டும். மகாராஷ்டிர அரசு 1976 தொடக்கத்தில் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம், அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் எழுபதாயிரம் பேர் டிராம்பேயின் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் மிகுதி. அந்த ஜனதா காலனியே நகரின் வேறு இடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக உண்டானது. 2000க்குப் பிறகு ரயில் பாதையோரம் இருந்தவர்கள் மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டு அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அரசு கேட்ட கேள்வி ஒன்றே: இந்தத் தேதிக்கு முன் இந்தக் குடிசையில் இருந்தாயா? 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1 என்று தேதி மாறியதே தவிர, கேள்வி மாறவில்லை. அரசின் தாளில் மனிதர் ஒரு குடிசையின் எண்ணோடு கட்டப்பட்டவர். குடிசை போனால் தாளும் செத்தது. சபையின் ஏட்டில் அவர் பெற்றோரோடும் துணையோடும் பிள்ளைகளோடும் கட்டப்பட்டவர். சபையின் ஏடு வீட்டு உரிமை வாங்கித் தராது, அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் மூன்று தடவை இடம் பெயர்க்கப்பட்ட ஒரு குடும்பத்தின் தொடர்ச்சியைக் காட்டும் ஒரே எழுத்து பல வேளைகளில் அதுவாகத்தான் இருக்கிறது.

இதற்கு எழும் மறுப்புகள் வலுவானவை. முதலாவது, மிஷன்கள் பெயர் எழுதியது ஆட்களுக்காக அல்ல, எண்ணிக்கைக்காக; ஜெர்மனியின் ஹாலேயில் 1710 முதல் அச்சான மிஷன் அறிக்கைகளும் பின்னாளைய சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் நன்கொடையாளருக்குக் காட்டத்தானே என்பார்கள். காரணம் அதுவாகவும் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கைக்கு எண் போதும். பெயரும் தாயின் பெயரும் தொழிலும் வேண்டியதில்லை. அறிக்கை லண்டனுக்கும் ஹாலேக்கும் போனது. ஏடு ஊரிலேயே, கோயில் பீரோவிலேயே தங்கியது. தங்கியதால்தான் நூறு ஆண்டு கழித்து ஒரு பேரன் வந்து கேட்க முடிகிறது.

இரண்டாவது மறுப்பு சாதி. ஏட்டில் எல்லோரும் ஒரே அகலக் கட்டத்தில் என்கிறீர்களே, கோயிலுக்குள்ளே என்ன நடந்தது என்று கேட்பார்கள். கேட்க வேண்டும். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலே சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கிளை கொண்டது. 1910இல் நடுச்சுவரை இடித்தபோது அது வழக்காகிப் போனது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்த சுவர் நெடுங்காலப் போராட்டத்தின் பொருளானது. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவரின் சவம் பொதுத் தெருவழியாகக் கோயிலுக்கு வரக் கூடாது என்ற தடை, தனிப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையாகி, 2008 மார்ச்சில் மோதலும் துப்பாக்கிச் சூடும் வரை போய் இரண்டு உயிரைக் குடித்தது. இதை எதைச் சொல்லியும் மழுப்ப நான் தயாரில்லை. அடக்க ஏட்டில் ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டவர்கள் ஒரே பாதையில் வர முடியவில்லை என்பது திருச்சபையின் பாவம். ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை. ஏட்டில் கொடுத்த வாக்கைச் சபை தெருவில் நிறைவேற்றவில்லை என்பதையே காட்டுகிறது. தலித் கிறிஸ்தவர்கள் போராடும்போது எதை வைத்து வாதாடினார்கள்? நாங்களும் இதே பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதை வைத்து. வெளியாள் கேட்கும் உரிமை அல்ல அது, உள்ளே எழுதப்பட்டவர் கேட்கும் உரிமை.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் கடுமையானது. மான்குர்த்தில் இன்றும் வலிப்பது. 1950இன் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்கிறது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்தியை நிலைநிறுத்தியது. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ்க் கோரிக்கையை அதே நீதிமன்றம் தள்ளியபோது, கைக்குழந்தையாக அவர் பெற்ற ஞானஸ்நானம் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாக நின்றது. அதாவது, நான் இத்தனை நேரம் புகழ்ந்த அதே ஏடு ஒரு பெண்ணின் வேலை வாய்ப்புக்குத் தடையாக வந்து நின்றது. பெயரைக் கொடுத்த ஏடே உரிமையைப் பறித்தது என்று சொன்னால் பதில் சொல்வது எளிதல்ல. என் பதில் இது: பறித்தது ஆணை, ஏடு அல்ல. ஞானஸ்நானத்தால் சாதி போய்விடுகிறது என்று 1950இன் ஆணை கருதுகிறது. எறையூரும் மேலப்புதூரும் போகவில்லை என்று காட்டுகின்றன. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. மும்பைத் தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி இன்னொரு மாநிலத்துக்கு இடம் பெயர்ந்தவரோடு கூடவே வராது என்று 1990இல், மும்பையின் ஒரு மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கிலேயே, தீர்ப்பானது. ஆக, நெல்லையிலிருந்து வந்த ஒரு தலித் கிறிஸ்தவர் இரண்டு பக்கமும் வெட்டுப்படுகிறார். ஞானஸ்நானத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று குடும்பங்கள் யோசிக்கும் நிலை இதனால் உண்டாகிறது. ஒருவருடைய விசுவாசத்தை மறைத்துத்தான் அவர் பிள்ளை படிக்க வேண்டும் என்றால், அந்த வெட்கம் பிள்ளையுடையதல்ல, ஆணையுடையது.

நான்காவது மறுப்பு சபைகளுக்குள்ளிருந்தே வருகிறது. மான்குர்த், கோவண்டி, தாராவிச் சந்துகளில் இன்று பல தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடுவது பழைய சபைகளில் அல்ல, வாடகை அறையிலும் மாடி ஹாலிலும் நடக்கும் பெந்தெகொஸ்தே, சுயாதீனச் சபைகளில். அவர்கள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. பிள்ளையைப் பிரதிஷ்டை செய்கிறார்கள், வளர்ந்து சுயமாக அறிக்கையிட்ட பிறகு முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஏட்டில் பெயர் இருப்பதால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை என்பது அவர்கள் வாதம். இறையியலில் அதற்கு நியாயம் உண்டு. தெரிந்து எடுக்கும் முடிவுக்கு அவர்கள் தரும் மதிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நான் பேசுவது இம்மை வாழ்வைப் பற்றி. அங்கே, பதிவு இல்லாத ஆராதனை ஆபத்தானது. முக்கியமாகத் திருமணம். 1872 சட்டப்படி உரிமமோ ஏற்கப்பட்ட குருப்பட்டமோ இல்லாதவர் திருமணம் நடத்தினால் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. அதைவிட, அந்தப் பெண்ணுக்குக் கையில் ஒரு தாளும் இருக்காது. கணவன் கைவிட்டால் ஜீவனாம்சம், இறந்தால் சேமநிதியும் வாரிசுரிமையும் என்று எதைக் கேட்கப் போனாலும் திருமணத்தை முதலில் நிரூபிக்க வேண்டும். ஜெபமும் பிரியாணியும் வீடியோவும் அந்த நிரூபணத்தை எளிதாக்காது. பழைய சபைகளின் குறைகளைப் பட்டியலிடும் சுயாதீனப் போதகர்கள், அவர்களிடமிருந்து இந்த ஒன்றையாவது எடுத்துக்கொண்டால் அவர்கள் சபைப் பெண்களுக்குப் பெரிய உதவி. உரிமம் பெறுவதற்கும் வழி இருக்கிறது; பெறாத வரை மணமக்களைத் திருமணப் பதிவாளரிடம் அனுப்பிவைப்பதற்கும் வழி இருக்கிறது.

அடக்க ஏட்டுக்கு மும்பையில் ஒரு தனி வேலை உண்டு. 1865இல் மாநகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டு காலத்தில் உண்டான சேவ்ரி கல்லறைத் தோட்டம் சபை வாரியாகப் பிரிக்கப்பட்டது, இடநெருக்கடி அதிகம். இந்நகரில் ஏழையின் குழி நிரந்தரமல்ல. சில ஆண்டு கழித்து எலும்புகளை எடுத்துச் சுவர் மாடத்தில் வைக்கிறார்கள், அல்லது அதே குழியில் இன்னொருவருக்கு இடம் தருகிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியோடு போகிற குடும்பத்துக்கு நிற்க ஓர் இடம் இல்லாமல் போகலாம். ஊரில் கல் வைத்துப் பெயர் பொறிக்க ஆறடி கிடைத்தவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்தில் அதுவும் கிடைப்பதில்லை. அப்போது பெயர், வயது, இறந்த காரணம், அடக்கிய நாள் என்று ஏட்டில் இருக்கும் வரிதான் அந்த மனிதரின் கல்லறை.

2023இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் அரசின் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஞானஸ்நான ஏட்டின் பொதுப்பணி அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை முடிந்தது. அதில் வருந்த ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அரசே பதிவதுதான் நியாயம். மிச்சமிருப்பது பழைய ஏடுகள். மழைக்காலத்தில் ஒழுகும் வெஸ்ட்ரிகளிலும், இடம் மாறிக்கொண்டே இருந்த சபைகளின் தகரப் பெட்டிகளிலும் அவை இருக்கின்றன. கரையானும் உப்புக் காற்றும் தாளை விட்டுவைப்பதில்லை. மும்பைத் தமிழ்ச் சபைகள் ஒன்றுகூடி அவற்றைப் படமெடுத்து, ஊரில் இருக்கும் ஏடுகளோடு வரி வரியாக இணைக்க வேண்டும். நெல்லை, தூத்துக்குடி, மதுரைப் பேராயங்களும் மறைமாவட்டங்களும் ஓரக் குறிப்புகளைத் திறந்து காட்ட வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் சாதியும் மதமும் அவர்களுக்கு எதிராகப் பயன்படாதபடி, அண்மை எழுபது எண்பது ஆண்டுப் பக்கங்களைப் பூட்டியே வைத்திருக்கவும் வேண்டும். அடுத்த இதழில், தாராவித் தோல் கூடங்களின் ஆள் கணக்குகளை எடுத்துக்கொள்வோம்.